இரண்டு கரண்டிகள்

வீடு கட்டுகிற கரண்டி ஒன்று உண்டு. அது கொத்தனார் கையில் இருக்கிறது. கட்டிய வீட்டில் குடித்தனம் நடத்துகிற கரண்டி ஒன்று உண்டு. அது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் இந்த இரண்டு கரண்டிகளும் எதிரெதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிக்கொண்டதை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா?

பிளான் போடும்போது எஞ்சினீயர் பேசுவார். மேஸ்திரி பேசுவார். வாஸ்து பார்க்கிறவர் பேசுவார். கடன் கொடுக்கிற பாங்கிக்காரர்கூட இரண்டு யோசனை சொல்வார். வீட்டுக்காரர் எல்லோருக்கும் தலையை ஆட்டுவார். எல்லாம் முடிந்து, கிரகப் பிரவேசத்தன்று பால் காய்ச்சப் போகும்போதுதான் வீட்டு அம்மாள் முதன்முதலாகச் சமையல் மேடைக்கு முன்னால் நிற்பாள். மேடை அவள் மார்பு உயரத்துக்கு வந்திருக்கும்! மிக்ஸிக்குப் பிளக் வைக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும். "போகப் போகப் பழகிவிடும்" என்பார்கள். பழகித்தான் போகிறது, கூடவே முதுகுவலியும் பழகிப் போகிறது.

வீடு கட்டுவதை முறையாகப் படிக்கிற பெண்ணுக்கு வகுப்பிலே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதை இந்த வாரம் பார்க்கலாம். அதில் உங்களுக்கும் எனக்கும் உபயோகமான பாடம் நிறைய இருக்கிறது.

"கொத்தனார் வேலையா?"

உங்கள் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு, "அம்மா, நான் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போகிறேன்" என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்னடி அது, கொத்தனார் வேலையா?" என்று பாட்டி கேட்பாள்.

"வெயிலில் சாரத்தில் ஏறி நிற்க வேண்டியிருக்குமே!" என்று அத்தை கவலைப்படுவாள்.

"டாக்டர், எஞ்சினீயர் என்றால் வரன் பார்க்கச் சௌகரியம்" என்று சித்தப்பா தம் பங்குக்கு ஒரு குழப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்து போவார்.

கவலைப்படாதீர்கள். உங்கள் பெண் ஒன்றும் புது வழியில் போகவில்லை. பம்பாயில் பெரின் மிஸ்திரி என்ற பெண்மணி 1936-ஆம் ஆண்டிலேயே கட்டிடக் கலையில் டிப்ளமா பெற்றுவிட்டார். இந்தியாவில் இந்தப் படிப்பை முடித்துத் தொழில் நடத்திய முதல் பெண் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். சென்னையில் 1957-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஒரு துறையாகக் கட்டிடக் கலைப் படிப்பு ஆரம்பமாயிற்று. அதுதான் இன்று அண்ணா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பள்ளியாக இருக்கிறது. இப்போது பல கல்லூரிகளில் வகுப்பில் பாதிப் பேர் பெண்கள்தான்.

படிப்பு 5 வருஷம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையாகப் படித்துக் கட்டிடக் கலைக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொண்டவர்தான் தம்மை 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ளலாம். நினைத்தவர்களெல்லாம் போர்டு மாட்டிக்கொள்ள முடியாது.

ஆனால் இந்தப் படிப்பில் ஒரு விசேஷம். உருப் போட்டு ஒப்பிக்கிற பாடம் இதில் கொஞ்சந்தான். 'டிசைன்' என்ற வகுப்புதான் பிரதானம். ஒவ்வோர் அரை வருஷத்துக்கும் ஒன்றோ இரண்டோ புராஜெக்ட் கொடுப்பார்கள். அதை யோசித்து, வரைந்து, அட்டையில் மாதிரி செய்து, ஆசிரியர்கள் முன்னால் சுவரில் மாட்டி விளக்க வேண்டும். இதற்கு 'ஜூரி' என்று பெயர். கோர்ட்டிலே கேட்கிற மாதிரிதான் கேள்வி கேட்பார்கள். ஜூரிக்கு முந்தின இரவு உங்கள் வீட்டில் விளக்கு அணையாது. கூடம் முழுவதும் பட்டர் பேப்பரும் வெட்டிய அட்டைத் துண்டுமாக இருக்கும். பெருக்கித் தள்ளிவிடாதீர்கள்; அதிலே எது குப்பை, எது மொட்டை மாடி என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அம்மாவை அளக்கிற பெண்

முதல் வருஷத்தில் மாளிகை கட்டச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். கையில் ஒரு டேப்பைக் கொடுத்து, "போய் அளந்துகொண்டு வா" என்பார்கள். எதை? முதலில் மனித உடம்பை!

கையைத் தூக்கினால் எவ்வளவு உயரம் எட்டும்? குனிந்தால் எவ்வளவு இடம் வேண்டும்? இடுப்பில் குழந்தையுடன் ஒருத்தி வாசற்படி தாண்ட எத்தனை அகலம் வேண்டும்? நாற்காலி, கட்டில், படி, ஜன்னல் எல்லாம் இந்த அளவுகளிலிருந்துதான் பிறக்கின்றன.

ஆகவே ஒரு நாள் அவள் நீங்கள் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது டேப்போடு பக்கத்தில் வந்து நிற்பாள். "அம்மா, கையை மடக்கு" என்பாள். மடக்குங்கள், திட்டாதீர்கள். உங்கள் முழங்கை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று பார்க்கிறாள். சமையல் மேடை அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முழங்கை 38 அங்குலத்தில் இருந்தால் மேடை 32-லிருந்து 34 அங்குலத்துக்குள் இருக்கலாம். அதற்கு மேலே போனால் கரண்டி பிடிக்கிற தோள் வலிக்கும். கீழே போனால் இடுப்பு வலிக்கும். இந்த ஒரு கணக்கை மட்டும் அறிந்து வைத்துக்கொண்டு நீங்கள் மேஸ்திரியிடம் சொன்னால் போதும், அவர் உங்களை ஒரு தினுசாகப் பார்ப்பார். ஆனால் மேடை சரியாக அமைந்துவிடும்.

மாடிப்படிக்கும் கணக்கு உண்டு. ஒரு படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கிற அகலத்தைக் கூட்டினால் 24 அல்லது 25 அங்குலம் வர வேண்டும். உயரம் 7 அங்குலம் என்றால் அகலம் 10 அங்குலம். இது மனிதனுடைய சாதாரண நடையிலிருந்து வந்த கணக்கு. உங்கள் மாமியாருக்கு மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால், வயசை மட்டும் குறை சொல்லாமல் படியையும் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

அளந்ததையெல்லாம் 50-க்கு 1 என்ற அளவில் சிறிதாக்கி வரைய வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் தெரிவது பிளான். வீட்டை லட்டு மாதிரி நடுவில் பிளந்து பக்கவாட்டில் பார்த்தால் தெரிவது 'செக்ஷன்'. பிளானைப் பார்த்து மயங்காதவர்கள் கிடையாது. செக்ஷனில்தான் வெயில் எங்கே விழும், புகை எப்படிப் போகும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்ற குட்டு வெளிப்படும்.

வியன்னாவில் ஒரு வாத்தியார்

அளவு மட்டும் போதுமா? போதாது. இதற்கு ஒரு கதை இருக்கிறது, நிஜக் கதை.

1917-ஆம் ஆண்டு. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற இருபது வயதுப் பெண் கட்டிடக் கலை படித்துக்கொண்டிருந்தாள். தொழிலாளர்களுக்கு வீடு அமைப்பது பற்றி ஒரு போட்டி வந்தது. அவளுடைய ஆசிரியர் ஆஸ்கர் ஸ்ட்ரனாட், பென்சிலை எடுப்பதற்கு முன்னால் தொழிலாளர் பேட்டைக்குப் போய் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரும்படி சொன்னார். அவள் போனாள். ஒரே அறையில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடப்பதைக் கண்ணால் கண்டாள். வந்து வரைந்தாள். பரிசும் பெற்றாள்.

பிற்பாடு 1926-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்தின் புதிய குடியிருப்புகளுக்காக அவர் ஒரு சமையலறையை அமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலில் சாப்பாட்டு வண்டியின் சமையலறை மாதிரி, நின்ற இடத்திலிருந்தே எல்லாம் கைக்கு எட்டும். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நேரம், எத்தனை அடி நடை என்று கணக்கெடுத்துச் செய்த அமைப்பு அது. அந்த நகரத்தில் ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்றைக்கு உங்கள் தெருவில் 'மாடுலர் கிச்சன்' என்று போர்டு தொங்குகிறதே, அதற்கெல்லாம் பாட்டி அந்தச் சமையலறைதான்.

இதிலே வேடிக்கை என்ன தெரியுமா? அதை அமைத்த காலத்தில் அந்த அம்மாளுக்குச் சமையல் பழக்கமே கிடையாது! அதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 103 வயது நிறைய 5 நாள் இருக்கும்போது, 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார்.

அந்தச் சமையலறையில் ஒரு குறையையும் பிறகு சொன்னார்கள். ஒருத்தி நின்று வேலை செய்யத்தான் அதில் இடம். இன்னொருத்தி உள்ளே வந்தால் இடிக்கும். நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி காய் நறுக்க, ஒருத்தி தாளிக்க, மூன்றாமவள் வாசற்படியில் சாய்ந்துகொண்டு ஊர்க் கதை பேச, அப்படித்தானே நம் சமையல் நடக்கிறது? கதை பேசுகிறவளுக்கும் பிளானில் இடம் வேண்டாமா? கடிகாரத்தை வைத்து எண்ணுகிற அடிகளில் இந்த விஷயம் அகப்படாது. கேட்டால்தான் தெரியும்.

மலையேறுகிற டேப்

இரண்டாவது, மூன்றாவது வருஷங்களில் மாணவர்களைக் கிராமத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். ஒரு கிராமத்தில் தங்கி, வீடு வீடாக அளந்து, அங்கே இருப்பவர்களுக்கு ஏற்ற வீட்டை அமைத்துக் காட்ட வேண்டும். உங்கள் பெண்ணுக்குக் கல்வராயன் மலை வாய்த்தது என்று வைத்துக்கொள்வோம்.

கள்ளக்குறிச்சி உங்களுக்குத் தெரிந்த ஊராக இருக்கலாம். பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்து, பிறகு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி தனி மாவட்டமாயிற்று. அந்தப் பக்கத்துத் தச்சர்களின் மரச் சிற்பத்துக்கு 2021-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டு நிலையும் கதவும் எப்படிச் செய்வது என்று படிக்க வருகிற பெண் அந்தப் பட்டறைகளில் அரை நாள் உட்கார்ந்தால், புத்தகத்தில் இல்லாத பாடமெல்லாம் கிடைக்கும். உளி பிடிக்கிற கைக்கு மரத்தின் ரேகை தெரியும்.

அங்கிருந்து கச்சிராயபாளையம், அப்புறம் கோமுகி அணை, அதற்கப்புறம் வளைந்து வளைந்து மலைப்பாதை. மேலே வெள்ளிமலை என்ற ஊர். இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரத்தில் சிறு சிறு கிராமங்கள். அங்கே வசிக்கும் பழங்குடிகளுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் பேசுகிறவர்கள், தங்கள் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். சாமையும் மரவள்ளியும் விளைவிப்பவர்கள்.

பழைய மலைவீடு என்றால் மண் சுவர். மேலே புல் வேய்ந்த கூரை. பார்த்தவுடன், "அடடா, என்ன அழகு!" என்று போட்டோ எடுக்கத் தோன்றும். எடுக்கட்டும். ஆனால் பாடம் அதற்கப்புறந்தான் ஆரம்பிக்கிறது. அவள் திண்ணையில் உட்கார்ந்து அந்த வீட்டு அம்மாளைக் கேட்க வேண்டும்.

"அக்கா, அறுத்துக் கொண்டுவந்த சாமையை எங்கே காய வைப்பீங்க? காய்ஞ்சதை எங்கே வைப்பீங்க?"

"மழைக் காலத்துக்கு விறகு எங்கே அடுக்குவீங்க?"

"ராத்திரி ஆடு எங்கே படுக்கும்? கோழி எங்கே அடையும்?"

"காத்து எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்? சாரல் எந்தச் சுவரை நனைக்கும்?"

"கூரை மாத்த எத்தனை நாள் ஆகும்? புல்லு கிடைக்குதா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. மண் வீட்டைப் புகழ்ந்துவிட்டு நகரத்துக்குத் திரும்பி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொள்வது யாருக்கும் சுலபம். கூரைப் புல் மக்கும், ஒழுகும், ஒரு பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். புல் அறுத்து, சுமந்து, வேய்கிற சிரமம் மலைவீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். சுவரை வருஷா வருஷம் மெழுகுகிற கையும் அவளுடையதுதான். அவள் "எங்களுக்கு மச்சு வீடு வேணும்" என்று கேட்டால், "ஐயோ, உங்கள் பண்பாடு போய்விடுமே!" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அதே சமயத்தில் இன்னொரு காட்சியையும் அவள் பார்க்க வேண்டும். மலையில்தான் என்றில்லை, தமிழ்நாட்டுக் கிராமங்களில் எங்கே போனாலும் பார்க்கலாம். சர்க்கார் உதவியில் கட்டிய சின்னக் கான்கிரீட் வீடு நிற்கும். அதன் பக்கத்திலேயே ஓலையோ தகரமோ போட்ட ஒரு சாய்ப்பு இருக்கும். அம்மாள் அந்தச் சாய்ப்பில் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருப்பாள்! வீட்டுக்குள்ளே மூட்டையும் பெட்டியும் சௌக்கியமாக இருக்கும்.

"இவர்களுக்கு நல்ல வீட்டின் அருமை தெரியவில்லை" என்று சிலர் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். டேப் பிடிக்கிற பெண் அப்படிச் சொல்லக் கூடாது. ஏன் என்று கேட்க வேண்டும். விறகு அடுப்பின் புகை கூரைப் புல்லுக்குள் கசிந்து வெளியேறும். மேலே கட்டித் தொங்கவிட்ட விதைக் கதிருக்கும் பூச்சி வராது. கான்கிரீட்டின் கீழ் அதே புகை எங்கே போகும்? கண்ணுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளுந்தான். 2016-ஆம் ஆண்டு வந்த உஜ்வலா திட்டத்தில் காஸ் அடுப்பு கிடைத்த வீடாகவே இருக்கட்டும். வெந்நீருக்கும் பெரிய பானைச் சோற்றுக்கும் விறகு எரிக்கிற வழக்கம் அத்தனை சீக்கிரம் போகாது. சிலிண்டர் தீர்ந்தால் மறுபடி வாங்கப் பணமும் வேண்டும், மலையேற்றிக் கொண்டுவரவும் வேண்டும். ஆகவே அந்தச் சாய்ப்பு அறியாமையினால் போட்டதல்ல. வீடு வரைந்தவர் விட்டுவிட்ட அறையை அந்த அம்மாள் தன் கைப் பணத்தில் கட்டிக்கொண்டிருக்கிறாள்!

360 சதுர அடி

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினால், ஒரு நல்ல புராஜெக்ட் காத்திருக்கிறது.

2024-ஆம் ஆண்டு தமிழக அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' என்ற திட்டத்தை அறிவித்தது. 2030-ஆம் ஆண்டுக்குள் கிராமப்புறங்களில் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் வீடுகள். ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். வீட்டின் அளவு சமையலறை உட்பட 360 சதுர அடி. இதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காத வேறு எந்தக் கூரையையும் வீட்டுக்காரர் இஷ்டப்படி போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தார்கள்.

அந்த 60 சதுர அடியைக் கவனித்தீர்களா? 6 அடிக்கு 10 அடி. அதை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பதுதான் அந்தப் பெண்ணின் பரீட்சை. ஓட்டுக் கூரை போட்டு, மேலே புகை போக வழி வைத்து, விறகு அடுப்புக்கு ஒதுக்கலாம். சாரல் அடிக்காத பக்கமாகத் திறந்த திண்ணை ஆக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று பார்க்கலாம். மலைச் சரிவில் ஒரு பக்கம் அஸ்திவாரம் உயரமாகத்தானே வரும்? அந்த உயரத்துக்குக் கீழே விறகும் ஆடும் நனையாமல் இருக்க இடம் கிடைக்குமா?

மீதி இடத்தையும் சொக்கட்டான் ஆடுகிற மாதிரிதான் பிரிக்க வேண்டும். வெளியளவு 18 அடிக்கு 20 அடி என்று ஒரு வீட்டை வரைந்தால் 360 சதுர அடி வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம். சுவரின் கனம் 9 அங்குலம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவரே சுமார் 55 சதுர அடியைத் தின்றுவிடும்! கதவு திறக்கிற இடத்தில் பாய் போட முடியாது. ஜன்னலைத் தப்பான சுவரில் வைத்தால் பீரோவுக்கு இடமில்லை. பணக்காரர் வீட்டில் ஒரு சுவர் தப்பாகப் போனால் இடித்துக் கட்டிக்கொள்வார்கள். இங்கே ஓர் ஆயுசுக்கு ஒரே வீடு. அந்த அம்மாளின் பெண்ணுக்குப் பிரசவம் ஆவதும், பையன் படிக்கிறதும், கிழவர் கண் மூடுவதும் இந்த 360-க்குள்தான். ஆகையால் இரண்டாயிரம் சதுர அடி பங்களாவைவிட இந்தச் சின்ன வீட்டுக்குத்தான் கெட்டிக்கார மூளை அதிகம் வேண்டும்.

கண்டியிலும் பித்தோராகரிலும்

கேட்டுக் கட்டினவர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள்.

இலங்கையில் கண்டி நகரத்தைச் சேர்ந்தவர் மினெட் டி சில்வா. பம்பாயிலும் லண்டனிலும் படித்துவிட்டு ஊர் திரும்பி, கண்டி மலைச் சரிவுகளில் வீடு கட்டியவர். 1958-ஆம் ஆண்டு கண்டிக்குப் பக்கத்தில் வட்டபுளுவ என்ற இடத்தில் ஒரு பெரிய குடியிருப்பை அமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஒரே பிளானை வரைந்து வரிசையாகக் கட்டித் தள்ளியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. குடிவரப் போகிற குடும்பங்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்து, உட்கார வைத்துப் பேசி, அவரவர் தேவையும் கைப்பணமும் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வீடுகளை அமைத்தார்.

லாரி பேக்கரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் 1917-ஆம் ஆண்டு பிறந்து, 1945-ஆம் ஆண்டு தொழுநோயாளிகளுக்குக் கட்டிடங்கள் அமைக்க இந்தியாவுக்கு வந்தவர். டாக்டரான மலையாளப் பெண்மணியை மணந்துகொண்டு, இமயமலைச் சாரலில் பித்தோராகர் என்ற இடத்தில் சுமார் 16 வருஷம் வாழ்ந்தார். தாம் சீமையில் படித்த படிப்பு அங்கே அவ்வளவாகச் செல்லவில்லை. மலைக்காரர்கள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்து எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையே அவர் மறுபடி பாலபாடமாகக் கற்றுக்கொண்டார். பிற்பாடு கேரளத்தில் அவர் கட்டிய வீடுகளில் இரண்டு யுக்திகள் பிரபலம். செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் பொந்து விட்டுக் கட்டுகிற சுவர் ஒன்று. 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். செங்கல் கால் பங்கு மிச்சம், உள்ளே வெப்பமும் குறைவு. இன்னொன்று, கான்கிரீட் கூரையின் அடிப்பக்கத்தில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டை மிச்சம் பிடிப்பது. கான்கிரீட் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியில் தலைமேல் கக்குவது நமக்குத் தெரிந்ததுதானே? அந்தத் தொந்தரவும் இதனால் கொஞ்சம் குறையும். பேக்கர் 2007-ஆம் ஆண்டு காலமானார். அவருடைய சுவர்கள் நிற்கின்றன.

அமெரிக்காவிலும் ஒரு வகுப்பு உண்டு. அலபாமா மாகாணத்தில் ஆபர்ன் பல்கலைக் கழக மாணவர்கள் 1993-ஆம் ஆண்டு முதல் ஏழைகளுக்கு நிஜ வீடே கட்டிக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய முதல் வீட்டுக்குச் சுவர் எதனால் தெரியுமா? வைக்கோல் கட்டுகளை அடுக்கி மேலே சாந்து பூசியது! அதில் குடியேறிய வயதான தம்பதி ஆசைப்பட்டுக் கேட்டது, மனிதர்கள் வந்தால் உட்கார முன்புறத்தில் பெரிய தாழ்வாரம். பாருங்கள், எந்த தேசமானால் என்ன? மனிதருக்குத் திண்ணை வேண்டியிருக்கிறது.

உங்களுக்கும் ஒரு புராஜெக்ட்

இவ்வளவும் படித்துவிட்டு, "நமக்கு ஆர்க்கிடெக்ட் வைக்க வசதி ஏது?" என்று பெருமூச்சு விடாதீர்கள். வகுப்பில் கொடுக்கிற மூன்று புராஜெக்டை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

முதலாவது, ஒரு நாள் காலைச் சமையலின்போது நீங்கள் எங்கிருந்து எங்கே எத்தனை தடவை நடக்கிறீர்கள் என்று குழந்தையை விட்டு ஒரு காகிதத்தில் கோடு இழுக்கச் சொல்லுங்கள். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்ப்பெட்டி, அரிசி டப்பா. எந்த இரண்டுக்கும் நடுவில் கோடுகள் சிக்கலாகக் கிடக்கின்றனவோ, அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவை. ஒரு டப்பாவை இடம் மாற்றினாலே பாதி நடை மிச்சமாகலாம்.

இரண்டாவது, வீட்டில் எந்த ஜன்னலில் எந்த மாதம் வெயில் வருகிறது, எந்தப் பக்கம் சாரல் அடிக்கிறது என்று காலண்டரிலேயே குறித்து வையுங்கள். நாளைக்கு வீடு கட்டினாலும் சரி, வாடகை வீடு மாறினாலும் சரி, இந்தக் குறிப்பு உங்களைக் காப்பாற்றும்.

மூன்றாவது, யாராவது உங்களுக்குப் பிளான் கொடுத்தால் காகிதத்தில் பார்த்துத் தலையாட்டாதீர்கள். மொட்டை மாடியிலோ மனையிலோ கோலமாவால் அதை முழு அளவில் போட்டுப் பாருங்கள். புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பிரமாதமா? சமையலறைக் கோட்டுக்குள் இரண்டு பேர் நின்று பாருங்கள். படுக்கையறைக் கோட்டுக்குள் பாயை விரித்துப் பாருங்கள். கதவு திறக்கிற வளைவைப் போட்டுப் பாருங்கள். இடித்தால் கோலத்தை அழித்துவிடலாம். சுவர் எழும்பிவிட்டால் அழிக்க முடியாது.

உங்கள் பெண் இந்தப் படிப்புக்குப் போனால், அவள் முதலில் அளக்கப் போவது உங்களைத்தான். முதலில் கேள்வி கேட்கப் போவதும் உங்களைத்தான். "போடி, வேலையிருக்கு" என்று விரட்டாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் தோள் எங்கே வலிக்கிறது, புகை எங்கே தேங்குகிறது, மத்தியானம் எந்த மூலையில் உங்களுக்குத் தலை சாய்க்கப் பிடிக்கிறது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அம்மாவைக் கேட்டுப் பழகின பெண், கல்வராயன் மலையில் சாய்ப்புக்குள் குந்தி அடுப்பு ஊதுகிற அம்மாளையும் கேட்பாள். அந்த அம்மாளின் அடுப்பு வீட்டுக்குள்ளே வருவதும் வெளியிலேயே நிற்பதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.